நாற்பது வேலியும் ஒரு கேள்வியும்: நந்தனார் மேடையிலிருந்து திரைக்கு வந்த கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துவேன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நீங்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு பாட்டுக் காட்சி அனுப்பினான். 1942ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் பாடுகிற காட்சி. கீழே ஒரே ஒரு வரி: "ஞாபகம் இருக்கா டீச்சர்?" அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நந்தனார் கதை எங்கே தொடங்கி எப்படித் திரைக்கு வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் அந்தக் காரணம் புரியும்.

முதலில் பெரிய புராணம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியது. அதில் நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். சிதம்பரத்துக்கு "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். கொள்ளிடக் கரை ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. அவர் கொடுத்த தோல் உள்ளே போகலாம், அவர் போகக் கூடாது. திருப்புன்கூரில் வாசலில் நின்றே கும்பிடுகிறார், நந்தி விலகி வழி விடுகிறது. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் திருப்புன்கூர். உங்களில் பாதிப் பேரை நானே சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். நந்தி இன்றும் நேராக இல்லாமல் ஒதுங்கித்தான் இருக்கிறது. பிறகு தில்லைக்குப் போகிறார், எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். தீ வளர்க்கிறார்கள். தீக்குள் இறங்கி வேறு உருவத்தோடு எழுந்து உள்ளே போய் மறைந்துவிடுகிறார்.

இந்த மூலக் கதையில் பண்ணையார் யாரும் இல்லை. போகாதே என்று தடுக்கும் மனிதர் ஒருவர்கூட இல்லை. நந்தனார் தன் பிறப்பை நினைத்துத் தானே தயங்குகிறார், அவ்வளவுதான்.

பண்ணையாரைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணத்தில் பிறந்து, மாயவரத்தை ஒட்டிய ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்ச் சீமையில் பண்ணை எப்படி நடந்தது, பண்ணையாள் எப்படி வாழ்ந்தான் என்பதெல்லாம் அவர் கண் முன்னால் இருந்தது. 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' எழுதியபோது நந்தனை ஒரு வேதியரின் பண்ணையாள் ஆக்கினார். "சிதம்பரம் போக உத்தரவு கொடுங்கள்" என்று நந்தன் கேட்கிறான். வேதியர் மறுக்கிறார், திட்டுகிறார். கடைசியில் நாற்பது வேலி நிலத்துப் பயிர் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று நிபந்தனை போடுகிறார். ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது வேலி என்றால் ஏறக்குறைய 265 ஏக்கர். போகாதே என்று சொல்வதற்கு அது ஒரு மரியாதையான வழி. ஆனால் ஒரே ராத்திரியில் சிவனருளால் அத்தனையும் விளைந்து நிற்கிறது. வேதியர் அதைப் பார்த்து நடுங்கிப்போய் நந்தனின் காலில் விழுகிறார்.

அந்தக் காலத்தில் இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பாடியவரே அந்தணர். தன் வகுப்பு நிலச்சொந்தக்காரரைப் பண்ணையாளின் காலில் விழ வைத்தார். நூல் 1860களின் தொடக்கத்தில் அச்சாக உதவியவர் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் சிறப்புப் பாயிரம் கேட்டுப் பலமுறை நடந்தார். பாட்டில் இலக்கணப் பிழை இருப்பதால் பிள்ளை தட்டிக் கழித்தார். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து பாரதியார் பாட, உள்ளே படுத்திருந்த பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருப்பதால் நமக்கு இது தெரிகிறது. இலக்கணத்தை இசை ஜெயித்த கதை இது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

சரி, இந்தக் கீர்த்தனை மேடையில் எப்படி நடந்தது? கதாகாலட்சேபமாக. ஒரே ஒரு பாகவதர், கையில் சிப்ளாக்கட்டை. பின்பாட்டுக்கு ஒருவர், மிருதங்கம், பிற்பாடு ஆர்மோனியம். வேஷம் கிடையாது, திரைச்சீலை கிடையாது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்களால் இந்தச் சரித்திரம் ஊர் ஊராகப் பரவியது. அதற்குப் பிறகுதான் நாடகக் கம்பெனிகள் வேஷம் கட்டி ஆடின.

என் அப்பாயி சின்னப் பெண்ணாக இருந்தபோது மாயவரத்தில் ஒரு பாகவதர் நந்தனார் சொல்லக் கேட்டிருக்கிறாள். அதைப் பற்றி அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "வேதியர் பேசறப்ப பாகவதர் மூஞ்சி கடுகடுன்னு ஆயிடும்டி. அடுத்த நிமிஷம் அதே ஆளு கையைக் கட்டிக்கிட்டு நந்தனா நின்னு கெஞ்சுவாரு. வைய்யறதும் அவருதான், அழுவறதும் அவருதான்."

படிக்காத கிழவி சொன்ன இந்த வார்த்தையில்தான் மேடைக்கும் திரைக்கும் உள்ள முழு வித்தியாசமும் இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மேடையில் ஒரே தொண்டை இரண்டு பேரையும் பாடியது. கேட்பவர் மனசிலும் இரண்டு பேரும் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள். பண்ணை வைத்திருந்தவர் ஒரு நிமிஷமாவது பண்ணையாளாக நின்று பார்க்க வேண்டியிருந்தது.

இனி சினிமா. பேசாத படக் காலத்திலேயே நந்தனார் திரைக்கு வந்துவிட்டார். பாட்டால் வாழ்ந்த கதையைப் பாட்டே இல்லாமல் எடுத்தார்கள்! பேசும் படத்தில் பெரிய பேச்சானது 1935ல் வந்த 'பக்த நந்தனார்'. மேடையில் புகழின் உச்சியில் இருந்த கே.பி.சுந்தராம்பாள், கணவர் கிட்டப்பாவை 1933ல் இழந்து வெள்ளைச் சேலையோடு ஒதுங்கியிருந்தவர். அவரை நந்தனாராக நடிக்க அழைத்து ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம்! வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்.

மேடையில் பெண் ஆண்வேஷம் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடும்போது சபை குரலைத்தான் பார்த்தது. கேமரா அப்படி இல்லை. அது முகத்துக்குக் கிட்டே வந்து நின்றுவிடுகிறது. பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் படம் சோபிக்கவில்லை. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் பிரசித்தம். படத்தில் எருமையும் மரமும் ஆடும் நன்றாக நடித்திருப்பதாக எழுதி மற்றவர்களை ஒரு வழி செய்துவிட்டார்.

அந்த விகடனின் சொந்தக்காரர் எஸ்.எஸ்.வாசன்தான் ஏழு வருஷம் கழித்துத் தன் ஜெமினியில் அதே கதையை எடுத்தார். இயக்கியவர் முருகதாஸா. நந்தனாராக எம்.எம்.தண்டபாணி தேசிகர், வேதியராக செருகளத்தூர் சாமா. தேசிகர் தேவாரம் பாடும் குடும்பத்திலிருந்து வந்தவர். பிற்காலத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தார். தில்லைக்கு நாளைப் போவேன் என்று திரையில் பாடியவர் தில்லையிலேயே போய் இசை சொல்லிக்கொடுத்தார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

இந்தப் படத்தை நான் பத்து வயதில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் பார்த்தேன். சிவராத்திரிக்கு விடிய விடியப் படம் போடுவார்கள். மணல் தரையில் அப்பாயி மடியில் படுத்துக்கொண்டு பார்த்தது. நந்தி விலகியபோது கொட்டகையே "சிவ சிவா" என்றது. அப்பாயி மட்டும், "பாகவதர் சொன்னப்ப இதவிடப் பெரிசா நகர்ந்துச்சு" என்றாள். அவள் மனசுக்குள் நகர்ந்த நந்திக்கு எந்த ஸ்டுடியோ ஈடு கொடுக்க முடியும்?

ஆனால் படம் தோற்றது என்று சொல்ல மாட்டேன். மேடை காட்டாத பலவற்றைப் படம் காட்டியது. வயல், வரப்பு, சேரித் தெரு எல்லாம் கண்ணுக்கு நேராக வந்தன. நாற்பது வேலி என்று பாகவதர் சொன்னால் அது ஒரு எண். திரையில் நிலம் விரிந்து கிடக்கும்போதுதான் ஒற்றை ஆளின் மேல் ஏற்றிய பாரம் தெரிகிறது. பாரதியாரின் கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் எழுதிய புதிய பாட்டுகளும் சேர்ந்தன. காலட்சேபம் கேட்கப் போக முடியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்க முடிந்தது. எங்கள் ஊர்க் கொட்டகையில் தெரு பார்த்து டிக்கெட் கொடுக்கவில்லை. நந்தன் தெருவுக்காரர்களும் எங்களோடு அதே மணலில் உட்கார்ந்துதான் நந்தன் கதையைப் பார்த்தார்கள்.

இழந்தது என்ன? முதலாவது, காத்திருப்பு. மேடையில் நந்தன் கேட்பதும் வேதியர் மறுப்பதும் ராத்திரி முழுக்க நீளும். 'வருகலாமோ' என்ற ஒரு பாட்டை மாஞ்சி ராகத்தில் பாகவதர் எடுத்தால் எளிதில் விடமாட்டார். "வரலாமா" என்று ஒரு மனிதன் எத்தனை தடவை கேட்க வேண்டியிருக்கிறது என்பதைக் கேட்பவர் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டும். படத்துக்கு அவ்வளவு நேரம் கிடையாது. இரண்டாவது இழப்பு இன்னும் பெரியது. திரையில் நந்தனுக்கு ஒரு முகம், வேதியருக்கு ஒரு முகம் என்று ஒட்டிக்கொண்டது. இவர் நந்தன், அவர் வேதியர். யாரும் இடம் மாற முடியாது. பார்க்கிறவர் நந்தனுக்காக அழலாம். தான் வேதியராக இருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டிலும் மாறாத ஒன்று உண்டு. அது தீ.

படம் வந்த காலத்தைக் கவனியுங்கள். 1936ல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம். 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துப் போனார். அதே வருஷம் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. 1947ல் எல்லோரும் நுழையும் உரிமையே சட்டமானது. வெளியே கதவுகள் திறந்துகொண்டிருந்தன. கொட்டகைக்குள் மட்டும் நந்தன் இன்னும் நெருப்பைத் தாண்டித்தான் உள்ளே போனான்.

தீயில்லாத வேறு வழியை யோசித்தவர்களும் இருந்தார்கள். சுவாமி சகஜானந்தர் 1916லேயே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். நந்தன் போக ஆசைப்பட்ட ஊரில், நந்தன் தெருப் பிள்ளைகள் படிக்க ஒரு கதவு. பிறகு கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்தார். அண்ணா எழுதி 1949ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அது இருக்கிறது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான், கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். நந்தி விலகுவதற்குப் பதில் ரயில் வருகிறது. ரயிலில் எல்லாச் சாதியும் ஒன்றாக உட்கார்ந்து போகிறது. காலட்சேபத்தைத் திரைக்குள் காலட்சேபமாகவே வைத்ததால், ஒரே ஆள் எல்லாரையும் பாடும் அந்த மேடை வசதியும் கலைவாணருக்குக் கிடைத்தது.

இப்போது எனக்குத் தூக்கம் போன காரணத்துக்கு வருகிறேன்.

1986. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். ஆசிரியர் பயிற்சி முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நந்தனார் நாடகம் போடுவது என்று முடிவு செய்தேன். டூரிங் டாக்கீஸில் பார்த்த படம்தான் எனக்கு முன்மாதிரி. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் அருமையாகப் பாடுவான். காலனித் தெருப் பையன். அவன்தான் நந்தன் என்று முடிவு செய்துவிட்டேன். குரலுக்காகத்தான் கொடுத்தேன் என்று அன்றைக்கு நான் சத்தியம் செய்திருப்பேன். இன்றைக்கு அந்தச் சத்தியம் செய்ய மாட்டேன்.

மறுநாள் காலையில் அவன் அம்மா நடவு வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தாழ்வாரத்துக்கு வெளியே நின்றுகொண்டு, "டீச்சரம்மா, எம்புள்ளைய நெருப்புல எறங்கறவனா போடாதீங்க. நாங்க மேடையிலயும் அதுதானா?" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அசைத்தது.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலை குனியாமல் சொன்னான்: "டீச்சர், நான் வேதியரா நடிக்கறேன். அந்தப் பாட்டும் எனக்குத் தெரியும்." பிறகு ஒரு கேள்வி கேட்டான். "வேதியருதான் கால்ல விழுந்துட்டாரே டீச்சர், அப்பறம் எதுக்கு நெருப்பு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அது புராணம்டா" என்றேன். வேதியர் வேஷத்துக்கும் பதில் சொல்லவில்லை. விழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் முன் வரிசையில் வந்து உட்காருவார்கள். காலனிப் பையன் பூணூல் போட்டுக்கொண்டு மேடையில் நின்று, மேலத்தெருப் பையனை "அடே நந்தா" என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? யாரும் என்னிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரையும் நான் கேட்கவும் இல்லை. நானே பயந்துகொண்டேன். நாடகத்தை எடுத்துவிட்டுக் கோலாட்டம் வைத்தேன். அவனிடம், "அடுத்த வருஷம் பார்க்கலாம்டா" என்றேன்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அவனுக்கு அடுத்த வருஷம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். வேதியர் நாற்பது வேலி என்றார், நான் அடுத்த வருஷம் என்றேன்.

போன வாரம் பாட்டு அனுப்பியவன் அவன்தான். பேரும் ஊரும் வேண்டாம் டீச்சர் என்றான், அதனால் போடவில்லை. இதை எழுத அவன் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு நாற்பது வருஷம் கழித்துப் பதில் எழுதுகிறேன். சரியா என்று நீதான் திருத்த வேண்டும். வேதியர் காலில் விழுந்ததால் பண்ணையின் கதவு திறந்தது. கோயில் கதவு அவர் கையில் இல்லை. ஒரு மனிதர் மனசு மாறினால் அவர் வீட்டு வாசல் திறக்கும். ஊர் வழக்கம் அப்படியே நிற்கும். வழக்கம் மாறாமல் நந்தன் மட்டும் உள்ளே போக வேண்டும் என்றால், நந்தன்தான் மாறியாக வேண்டும். அந்த நெருப்பு அதற்குத்தான். பாரதியார் தன் காலத்தில் வேதியர் வரைக்கும் வந்தார், அது பெரிய தூரம். படமும் அதே இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்ததெல்லாம் சட்டத்தாலும் பள்ளிக்கூடத்தாலும் நடந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்த நான் அன்றைக்கு என் பங்கைச் செய்யவில்லை.

உன்னை வேதியராக மேடை ஏற்றியிருக்க வேண்டும். ஒரே பாகவதர் இரண்டு பேரையும் பாடினார் என்று அப்பாயி சொன்னதை மனசில் வைத்திருந்தால் ஏற்றியிருப்பேன். நான் சினிமாவை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

போனில் இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "விடுங்க டீச்சர், அந்த வேதியர் பாட்டு எனக்கு இன்னும் வரும்" என்றாய். தை மாதம் பழைய மாணவர்கள் கூடும்போது நீ வா. உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. தாழ்வாரத்தில் இல்லை, முன் வரிசையில் அவருக்கு நாற்காலி போடுகிறேன். நீ பாடு, இரண்டு பேரையும் பாடு. நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.

மற்ற பிள்ளைகளுக்கு: ஜெமினி படத்தைத் தேடிப் பாருங்கள், கிந்தனாரையும் விடாதீர்கள். பார்த்துவிட்டு உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் குறைப்பேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்